காதுவெட்டு

இப்போதெல்லாம் சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அழத் தெரியவில்லை. படியேறும்போதே செல்போனை எடுத்து அமுக்கிவிடுகிறார்கள். உள்ளே போய்க் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வெளியே வந்ததும் கார் சாவியைத் தேடுகிறார்கள். வருகிறவர்கள்தான் அப்படி என்றால், பாடை கட்டுகிறவனுக்கு ஒரு முடிச்சு போடத் தெரியவில்லை. கோட்டய்யா, கார் நிறுத்துகிற கொட்டகையில் குந்தி உட்கார்ந்து, கூலிக்கு வந்தவன் போட்ட கட்டுகளை ஒவ்வொன்றாகச் சின்னக் கத்தியால் அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, அது நல்லாத்தானே இருக்கு?" என்றான் கூலிக்காரன்.

"எது நல்லாயிருக்கு? இது ஷூவுக்குப் போடுற முடிச்சு. தூக்கி நாலடி வெச்சா ஆளு கீழ, மூங்கில் உன் தோள் மேல."

"வருஷத்துக்கு நூறு பாடை கட்டுறேன். இதுவரைக்கும் ஒருத்தரும் திரும்பி வந்து குறை சொன்னதில்ல."

"சொல்ல மாட்டாங்கதான்."

ஐம்பது வருஷம் எருமை வியாபாரம் செய்த கை அது. திமிறுகிற கிடாவையே நிறுத்துகிற முடிச்சை அவர் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். ரேபல்லேயிலிருந்து ராத்திரி ரயிலில் ஏறி, விடிந்ததும் சிக்கந்தராபாத்தில் இறங்கி, ஆட்டோக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டு தார்நாகாவில் இந்த வீட்டைக் கண்டுபிடித்து வந்தவர், இன்னும் வாசல்படி ஏறவில்லை. கயிற்றைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே கண்ணாடிப் பெட்டியில் இருப்பது அவருடைய தங்கை ஹைமவதி. ஊரெல்லாம் டாக்டர் என்றது. ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ரத்தத்துக்குள் இருக்கிற நூலைப் பிரித்து, எந்த நோய் எந்த வீட்டில் எந்தத் தலைமுறையில் வருகிறது என்று சொல்கிற டாக்டர். முப்பத்தைந்து வருஷம் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தாள். நேற்று காலை காபி டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அறுபத்தேழு வயது.

கோட்டய்யா அவளோடு பேசி இருபத்தேழு வருஷம் ஆகிறது. அவள் பெயரையே அவர் வாயால் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்தால் "அந்த அம்மா" என்பார்.

மங்கா டீயோடு வெளியே வந்தாள். மங்கா கடைசித் தங்கை. ஐம்பத்தெட்டு வயதில் தலை முழுக்க வெளுத்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் அக்காவோடுதான் இருக்கிறாள்.

"அன்னய்யா, உள்ள வந்து ஒரு தடவை மூஞ்சியப் பாத்துடு."

"கட்டு முடியட்டும்."

"கட்டு முடிஞ்சா தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும். நான் அவளப் பாக்கவா வந்தேன்? உன்னக் கூட்டிட்டுப் போக வந்தேன். இனிமே இங்க உனக்கென்ன வேலை?"

மங்கா டீயைக் கீழே வைத்தாள். அந்த நேரம் பார்த்துப் புரோகிதர் வாசலுக்கு வந்து, தர்ப்பையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"நெருப்புச் சட்டி யாரு பிடிக்கிறது? பிள்ளைங்க இல்ல. கூடப் பிறந்தவர் நீங்கதானே?"

கொட்டகையில் நின்ற எல்லோரும் கோட்டய்யாவைப் பார்த்தார்கள். ஊர்ச் சொந்தம் என்று வந்திருந்த நாலு பேருக்கும் தெரியும், தொண்ணூற்றேழில் அவர் முற்றத்தில் நின்று என்ன சொன்னார் என்று. "நீ செத்தா நான் கொள்ளி வைக்க வரமாட்டேன். நான் செத்தா நீ வராதே." சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை என்று பதினெட்டு ஊர்ச் சந்தையில் பெயர் வாங்கினவர்.

கோட்டய்யா கயிற்றை இழுத்து இறுக்கினார்.

"நானே பிடிக்கிறேன்," என்றாள் மங்கா.

"பொம்பளைங்க..." என்று புரோகிதர் இழுத்தார்.

"இப்ப நிறையப் பேரு பிடிக்கிறாங்க சாமி," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைத் துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. கோட்டய்யாவைப் பார்த்துக் கைகூப்பினாள். "நமஸ்காரம் கோட்டய்யாகாரு. என் பேரு நஸ்ரீன். மேடம்கிட்ட படிச்சு, அங்கேயே வேலைக்குச் சேர்ந்துட்டேன். இப்ப லேப்ப நான்தான் பாத்துக்கறேன்."

"ஓ. ரத்தம் எடுக்குற கூட்டமா."

"அந்தக் கூட்டம்தான்."

"என் பேரு உனக்கெப்படித் தெரியும்?"

"எங்க எல்லாருக்கும் தெரியும்," என்றாள் நஸ்ரீன். "போற வழியில பத்து நிமிஷம் மேடத்த ஆராய்ச்சிக்கூடத்துல நிறுத்தணும். நீங்க சரின்னு சொல்லணும்."

"எடுத்த பொணத்த ஊர் சுத்திக் காட்டுவாங்களா? நல்ல வழக்கம்."

"அக்கா அங்கதான் அன்னய்யா வாழ்ந்தா," என்றாள் மங்கா. "இங்க தூங்க வருவா. அவ்வளவுதான்."

அவர் தோளைக் குலுக்கினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

*

ஹைமவதிக்கு ஒன்பது வயதிருக்கும்போது, சந்தைக்கு அவர் பின்னாலேயே வருவாள். ஒரு தடவை கன்று ஒன்று உதைத்துப் புருவத்தில் தையல் போட வேண்டி வந்தது. அடுத்த வாரமே மறுபடி வந்து நின்றாள். கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள்.

"இந்தக் கன்னுக்கு நெத்தியில வெள்ளை எங்கேர்ந்து வந்துச்சு அன்னய்யா?"

"அதோட பாட்டிக்கு இருந்துச்சு."

"அம்மாவுக்கு இல்லையே?"

"நடுவுல ஒளிஞ்சிருக்கும். போ, போய்த் தண்ணி காட்டு."

வியாபாரத்துக்கு நடுவே வாய்க்கு வந்ததைச் சொன்னார். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அதே காலத்தில்தான் அவளுக்கு அடுத்தவன் சின்னா பள்ளிக்கூடம் போகிற வழியில் விழ ஆரம்பித்தான். பத்து வயதில் நிற்க முடியவில்லை. பதினாறில் போய்ச் சேர்ந்தான். அம்மாவின் தம்பிகள் இரண்டு பேர் அப்படித்தான் போயிருந்தார்கள். சாமி குற்றம் என்று ஊர் சொன்னது. ஹைமவதி குண்டூர் விடுதியிலிருந்து வந்து, தம்பியின் சாம்பல் ஆறுவதற்குள் கேட்டாள்: "பொண்ணுங்களுக்கு ஏன் வரல? நடுவுல ஒளிஞ்சிருக்கா?"

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் அவள் ஹைதராபாத் போனாள். அங்கிருந்து ஜெர்மனிக்கு மூன்று வருஷம். அங்கேயே இருக்கச் சொன்னார்களாம். எங்கள் வீட்டு ரத்தம் இங்கே இல்லையே என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். எண்பத்தொன்பதில் ஒரு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்து, சொந்தத்தையெல்லாம் முற்றத்தில் வரிசையாக உட்காரவைத்து ரத்தம் எடுத்தாள். கோட்டய்யாவும் கை நீட்டினார். மங்காவுக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம்.

ஆறு மாதத்தில் கடிதம் வந்தது. இந்த நோயைப் பெண்கள் சுமப்பார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது, அவர்கள் பெறுகிற ஆண்பிள்ளைகள் சாவார்கள். மங்காவிடம் அது இல்லை, தாராளமாகக் கல்யாணம் செய்யுங்கள். என்னிடம் இருக்கிறது. அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

அவளுக்கென்று ஏலூர்க்காரன் ஒருவன் இரண்டு வருஷம் காத்திருந்ததாகக் கேள்வி. பிறகு அவன் வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். அவள் கட்டவேயில்லை.

மங்காவுக்கு வம்சி பிறந்தான். அவனுக்கு ஐந்து வயதாகிறபோது ஒரு மத்தியானம் முற்றத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தவன் எழுந்திருக்கப் பார்த்தான். கையைத் தரையில் ஊன்றினான், பிறகு முழங்காலில் ஊன்றினான், பிறகு தொடையில். தன் உடம்பின் மேல் தானே ஏறுகிற மாதிரி ஏறி நின்றான். கோட்டய்யா மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறவைத்துக்கொண்டிருந்தார். கை அப்படியே தொட்டியில் நின்றது. சின்னா இப்படித்தான் எழுந்திருப்பான். ஒரு வாரம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று நினைத்தார்.

ஹைமவதி வந்து மறுபடி ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். ஒரு மாதம் கழித்துக் கடிதம் போடவில்லை, தானே வந்தாள். சொந்தத்தையெல்லாம் கூப்பிடச் சொல்லி முற்றத்தின் நடுவில் நின்று சொன்னாள்.

"அன்னிக்கி மொத தடவ ரத்தம் எடுத்துட்டு ஊர்லேர்ந்து போகையில ஐஸ் பெட்டிக்குள்ள ஸ்பிரிட் புட்டி ஒழுகிடுச்சு. ரெண்டு குப்பியில எழுதின பேரு அழிஞ்சுபோச்சு. என்னுது, மங்காவுது. எந்தக் குழியில எதை வெச்சேன்னு எனக்கு ஞாபகம் இருக்குன்னு நெனச்சேன். திரும்ப வந்து எடுத்திருக்கணும். எடுக்கல. ஞாபகத்துல இருந்தத வெச்சுப் பேரெழுதினேன். மாத்தி எழுதியிருக்கேன். எனக்கு இல்ல. மங்காவுக்குத்தான்."

மங்கா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். கோட்டய்யாதான் எழுந்தார்.

"எருமைக்குக் கூடக் காதுல வெட்டுவோம்டி. கொம்புல கரியால எழுத மாட்டோம். மழை பெஞ்சா அழியும்னு கைநாட்டு மாட்டுக்காரனுக்குத் தெரியுது. நீ சீமைக்குப் போய்ப் படிச்சவ. பேனாவால எழுதினியா?"

அதற்குப் பிறகுதான் அந்தக் கொள்ளிச் சொல்.

மங்காவின் புருஷன் ஒரு வருஷத்தில் விட்டுவிட்டுப் போனான். வம்சி கோட்டய்யாவின் முதுகில் வளர்ந்தான். குளிப்பாட்டுவது, வெளிக்கு உட்காரவைப்பது, படுக்கையில் புரட்டிப் போடுவது எல்லாம் அவர்தான். ஹைமவதி வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாள். அந்த நாட்களில் அவர் எந்த ஊரிலாவது சந்தைக்குப் போய்விடுவார். பத்தொன்பது வயதில் வம்சி போனான். ஒரு வருஷம் கழித்து மங்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். அதை மட்டும் அவரால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

*

வண்டியில் ஒரு பக்கப் பலகையில் கோட்டய்யாவும் மங்காவும். நடுவில் பாடை. மங்காவின் மடியில் நெருப்புச் சட்டி, கீழே ஈரத் துணி சுற்றி. வராட்டிப் புகை கண்ணைக் கரித்தது. தலைவரை துணி போர்த்தியிருந்ததால் அவருக்கு முகம் தெரியவில்லை. அவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றார் அவர். "அவகூட எப்படி இருந்தே? ஒரே வீட்டுல, ஒரே சோத்தத் தின்னுட்டு?"

மங்கா சட்டியின் மேல் ஊதினாள்.

"உன் வீட்டுல வம்சி பேரச் சொன்னா நீ எந்திரிச்சுப் போயிடுவ அன்னய்யா. துண்ட உதறித் தோள்ல போட்டுட்டுப் போயிடுவ. ஒரு வருஷம் அவன் பேரச் சொல்லாமயே இருந்தேன். இங்க வந்த முத நாளு அக்கா சாப்பாடு போட்டுட்டு எதிர்ல உக்காந்தா. 'சொல்லு, அவனுக்கு எந்தப் பருப்புப் பிடிக்கும்'ன்னு கேட்டா. பன்னெண்டு வருஷமா ஏதாவது ஒண்ணு கேட்டுட்டேதான் இருந்தா."

கோட்டய்யா வெளியே பார்த்தார். பெரிய வேப்பமரம் ஒன்று போயிற்று. ஒரு இரும்புக் கதவு திறந்தது.

ஆராய்ச்சிக்கூடத்து முற்றத்தில் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். டைரக்டர் என்று ஒருவர் மாலை வைத்தார். காவல்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சத்தம் போட்டு அழுதான். இவன் ஒருத்தனுக்காவது அழத் தெரிகிறதே என்று கோட்டய்யா நினைத்தார். அப்போதுதான் மரநிழலில் நின்ற சக்கர நாற்காலிகளைப் பார்த்தார். ஐந்தாறு பையன்கள். பின்னால் அவரவர் அம்மா அப்பா. ஒருவன் கால்சட்டைக்குக் கீழே கெண்டைக்கால் உருண்டு திரண்டு, பயில்வான் காலைப் போலத் தெரிந்தது. பார்க்கிறவர்கள் பலம் என்று நினைப்பார்கள். கோட்டய்யாவுக்குத் தெரியும் அது என்ன என்று. அப்படி ஒரு காலுக்கு எண்ணெய் தேய்த்த கை அவருடையது.

அவர் வண்டியிலிருந்து இறங்கி, கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கட்டடத்துக்குள் நடந்தார். நஸ்ரீன் பின்னாலேயே வந்தாள்.

"தண்ணி வேணுமா?"

"நிழல் வேணும்."

நீளமான தாழ்வாரம். இரண்டு பக்கமும் கதவு, கதவெல்லாம் இங்கிலீஷ். கடைசியில் ஆள் உயர இரும்பு அலமாரிகள் உர்ரென்று உறுமிக்கொண்டு நின்றன. குளிர்பெட்டிகளாம். முதல் பெட்டியின் கதவில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பழுத்துப்போன காகிதம். அந்தக் கட்டடத்திலேயே அது ஒன்றுதான் தெலுங்கு.

கோட்டய்யா கிட்டே போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எழுத்துக் கூட்டினார். மூன்றாம் வகுப்புப் படிப்பு, நேரம் பிடித்தது. எ-ரு-மை-க்-கு-க்-கூ-ட-க் கா-து-ல வெ-ட்-டு-வோம்.

"யாரு எழுதினது?"

"மேடம்தான். தொண்ணூத்தேழுல ஒட்டினது. தெலுங்கு தெரியாத பசங்கதான் இங்க பாதிப் பேரு. ஆனா இதுல என்ன எழுதியிருக்குன்னு அத்தனை பேருக்கும் தெரியும். நான் சேர்ந்த முதல் நாளே யாரு சொன்னது மேடம்னு கேட்டேன். 'எங்க அன்னய்யா. தொழில் தெரிஞ்ச ஆளு'ன்னாங்க."

கோட்டய்யா அதை மறுபடி ஒரு தடவை எழுத்துக் கூட்டினார்.

"இங்க பேனாவால எழுத மாட்டோம்," என்றாள் நஸ்ரீன். "எழுதினாலும் அது கணக்கில்ல. ஊசியால குப்பியிலயே கீறணும். காதுவெட்டுன்னுதான் அதுக்குப் பேரு. பெங்காலிப் பசங்க கூட அப்படித்தான் சொல்லுவாங்க. ரத்தம் ரெண்டு தடவை, வேற வேற நாள்ல, வேற வேற ஆளு எடுக்கணும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் முடிவு சொல்லுவோம். அதையும் தபால்ல அனுப்ப மாட்டோம். மேடம் வீட்டுக்கே போய்ச் சொல்லுவாங்க. ஆதிலாபாத் காட்டுக்குள்ளயும் போயிருக்காங்க."

பக்கத்து அறையில் பேச்சு கேட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தார். வெள்ளைக் கோட்டில் இரண்டு பெண்கள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி குப்பியை வெளிச்சத்தில் பிடித்துக் கீறலைத் தடவிப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "கரீம்நகர், ஏழு, அம்மா."

மற்றவள் தன் பக்கம் இருந்ததைத் தடவிவிட்டுச் சொன்னாள்: "கரீம்நகர், ஏழு, அம்மா."

"கரீம்நகர், ஏழு, அக்கா."

"கரீம்நகர், ஏழு, அக்கா."

"இன்னிக்கி கூடவா வேலை?" என்றார் கோட்டய்யா.

"காலையில வந்த ரத்தம். காத்திருக்காது. அந்த வீட்டுப் பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம்."

அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பேரு படிச்சா? ரெண்டு பேருமே தப்பாப் படிப்பாங்க."

"படிக்கலாம்," என்றாள் நஸ்ரீன். "இருபத்தேழு வருஷத்துல ரெண்டு தடவை தப்பாச்சு. முடிவு வெளிய போறதுக்கு முன்னாடியே பிடிச்சிட்டோம்."

"பிடிச்சது ரெண்டு. பிடிக்காதது?"

"தெரியல கோட்டய்யாகாரு. மேடமும் அதத்தான் கேப்பாங்க."

சந்தையில் ஒரு மாட்டைப் பற்றித் தெரியாது என்று சொல்கிற தரகனை அவர் இதுவரை பார்த்ததில்லை. அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் ரத்தம் இதுக்குள்ள இருக்கா?"

"இருக்கு. அதுக்கும் காதுவெட்டு இருக்கு."

"காட்டு."

"காட்ட மாட்டேன். கதவைத் திறந்தா சூடேறும். டைரக்டர் கேட்டாலும் சும்மா திறக்க மாட்டேன்."

கோட்டய்யாவின் மீசை லேசாக அசைந்தது.

"மாறிப்போன ரெண்டு குப்பியும் இருக்கு," என்றாள் அவள், குரல் தாழ்ந்து. "அது பெட்டிக்குள்ள இல்ல, மேடம் மேசையில. தூக்கிப் போட விடவேயில்ல. புதுசா ஒருத்தர் வேலைக்கு வந்தா முதல் நாள் அதத்தான் எடுத்துக் காட்டுவாங்க. இது என்னுது, இது என் தங்கச்சியுது, நான் மாத்தி எழுதினேன், எங்க வீட்டுல ஒரு பையன் பொறந்து செத்தான்னு சொல்லுவாங்க. அவன் பேரு வம்சின்னு பேரோட சொல்லுவாங்க."

"யாருகிட்ட?"

"எல்லார்கிட்டயும். காவல்காரன்கிட்ட கூட."

வெளியே வண்டி ஒலி எழுப்பிற்று. கோட்டய்யா தோள் துண்டை எடுத்தார். உதறவில்லை. கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

*

சுடுகாட்டு வாசலில் வண்டி நின்றது. அங்கிருந்து நடக்க வேண்டும். நாலு பேர் பாடையைத் தூக்கினார்கள். கட்டு இம்மி அசையவில்லை. மங்கா நெருப்புச் சட்டியோடு முன்னால் போனாள். பத்தடி போவதற்குள் சட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு தணல் அவள் புடவை ஓரத்தில் விழுந்தது. பின்னால் வந்த கோட்டய்யா அதை மிதித்தார்.

"கொடு இங்க."

மங்கா திரும்பிப் பார்த்தாள்.

"கை நடுங்குது உனக்கு. வழியெல்லாம் கொட்டிட்டு வருவே. கொடுன்னா."

அவள் கொடுத்தாள். ஊர்க்காரர்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு வேறெங்கோ பார்த்தார்கள். புரோகிதர் மட்டும் எதுவும் தெரியாதவராக மந்திரத்தை எடுத்துக் கொடுத்தார்.

விறகின் மேல் வைத்து, வாய்க்கரிசி போட முகத்துணியை விலக்கினார்கள். கோட்டய்யா குனிந்தார். பஞ்சு வைத்த மூக்கு, ஒட்டிப்போன கன்னம், நரைத்த தலை. தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரிந்திருக்காது. கட்டை விரலால் இடது புருவத்தைத் தடவினார். முடிக்கு நடுவே அந்தக் கோடு இருந்தது, கன்று உதைத்தது. அதன் மேல் விரலை வைத்தபடியே அரிசி போட்டார். புரோகிதர் மூன்று தடவை போதும் என்றார். அவர் இன்னும் ஒரு பிடி போட்டார்.

தண்ணீர்ப் பானையோடு சுற்றி வந்து, பானையைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கொள்ளியை வைத்தார்.

எல்லோரும் குழாயடியில் கை கால் கழுவுகிறபோது, சுடுகாட்டு ஆள் ஒருவன் எதையோ மென்றுகொண்டே வந்தான். அன்று மூன்று சிதை எரிந்துகொண்டிருந்தது. சுவரோரம் மூன்று புது மண்பானை. அவன் ஒன்றின் மேல் சாக்பீஸால் எழுதினான்.

"பதினாலாம் நம்பர். எலும்பு பொறுக்கி இதுல போட்டு வெச்சிருப்பேன். நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்கங்க."

"இதுவா அடையாளம்?" என்றார் கோட்டய்யா.

"ஆமா. ஏன்?"

"கை பட்டா அழியும்."

"இத்தனை வருஷத்துல ஒரு பானை மாறினதில்ல பெரியவரே."

"மாறினா யாருக்குத் தெரியும்?"

அவன் மெல்வதை நிறுத்தினான். கோட்டய்யா பானையைக் கையில் எடுத்து, மடிக்கத்தியை விரித்து, விளிம்பின் இடது பக்கத்தில் இரண்டு வெட்டு வெட்டினார். ஒன்று ஆழமாக, பக்கத்திலேயே ஒன்று மேலாக. பதினெட்டு ஊர்ச் சந்தையிலும் அது யாருடைய வெட்டு என்று தெரியும். மண் தூள் அவர் வேட்டியில் உதிர்ந்தது.

"ஏம்மா, நஸ்ரீன். இங்க வா. இதப் பிடி."

அவள் வந்து பானையை வாங்கிக்கொண்டாள்.

"தடவிப் பாத்துட்டுப் பேரச் சொல்லு."

அவள் விளிம்பைத் தடவினாள். உரக்கச் சொன்னாள்: "ஹைமவதி."

கோட்டய்யா பானையைத் திரும்ப வாங்கினார். தன் விரலால் அந்த இரண்டு வெட்டையும் தடவினார்.

"ஹைமவதி," என்றார்.

மங்கா குழாயை மூடாமலே நின்றாள். தண்ணீர் அவள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் பானையைச் சுவரோரம், மற்ற இரண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார். கத்தியை மடித்துப் பைக்குள் போட்டார். வாசல் பக்கம் கொஞ்ச தூரம் நடந்து, நின்று, திரும்பி வந்து, பானையை இன்னும் ஒரு முழம் தள்ளி வைத்தார்.

"பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்," என்றான் சுடுகாட்டு ஆள்.

"நீ பாப்பே," என்றார் கோட்டய்யா. "விடியறதுக்கு முன்னாடி நான் வந்துடுவேன். அதுக்கு முன்னால கை வெக்காதே."

இவனுங்களையெல்லாம் நம்பி விட்டுப் போகிற காலமா இது என்று முணுமுணுத்துக்கொண்டே, வெயிலில் வாசலைப் பார்த்து நடந்தார்.